புதிய பிக்கப், வடித்த ஆயில், இறங்க மறுத்த எண்கள்

புதிய வண்டியின் எஞ்சின் ஆயில் ஆய்வு அறிக்கையை முதன்முதலாகக் கையில் வாங்குபவருக்கு வயிற்றைக் கலக்கும். இரும்பு, செம்பு, அலுமினியம், சிலிக்கான் என்று வரிசையாக எண்கள். அவற்றில் பாதிக்குப் பக்கத்தில் வழக்கத்தைவிட அதிகம் என்ற குறி. யாரிடம் காட்டினாலும் "புது எஞ்சின் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே பதில் வரும். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. அந்தக் கெடு எப்போது முடிகிறது, முடிந்த பிறகும் எண்கள் இறங்காவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதை என் டீசல் பிக்கப் வண்டியில் படிப்படியாகத் தெரிந்துகொண்டேன். புதிய வண்டி வாங்கி, ஆயில் ஆய்வு செய்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக அதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆய்வு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆயில் மாற்றும்போது ஒரு சிறிய புட்டி அளவுக்கு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அங்கே அதைக் கரைப்பானில் கலந்து நீர்க்கச் செய்து, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்குள், அதாவது மின்னூட்டம் பெற்ற ஆர்கான் வாயுவுக்குள் தெளிக்கிறார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளிரும். அந்த ஒளியின் அளவைக் கொண்டு எந்த உலோகம் எவ்வளவு என்று பி.பி.எம். கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்லிவிடுகிறார்கள். இதோடு ஆயிலின் பாகுத்தன்மை, டீசல் கலப்பு, நீர், கரி, மிச்சமுள்ள காரத்தன்மை ஆகியவற்றையும் அளக்கிறார்கள். இது புதிய வித்தை ஒன்றும் இல்லை. 1940-களிலேயே அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே தன் டீசல் ரயில் எஞ்சின்களின் ஆயிலை இப்படி ஆராய்ந்து, எஞ்சினைப் பிரிக்காமலேயே உள்ளே என்ன தேய்கிறது என்று கண்டுபிடித்தது. 1950-களில் அமெரிக்கக் கடற்படை அதே முறையை விமான எஞ்சின்களுக்குக் கொண்டுபோனது.

பழைய வண்டிக்குத்தான் இதெல்லாம் தேவை, புது வண்டிக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் நேர்மாறாக நினைக்கிறேன். எஞ்சின் உத்தரவாதத்தில் இருக்கும்போதே குறை தெரிந்தால்தான் அதைச் சரிசெய்யும் பொறுப்பு தயாரிப்பாளரிடம் இருக்கும். அதோடு, ஆரோக்கியமாக இருந்த நாட்களில் இந்த எஞ்சின் எவ்வளவு உலோகத்தை விட்டது என்ற பதிவு இல்லாமல், பின்னாளில் வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது?

மாதிரி எடுக்கும் முறையில் நான் கறாராக இருப்பேன். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடிய பிறகு, சிறிது நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஆறிப்போனால் துகள்கள் அடியில் படிந்துவிடும். ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்துவிட வேண்டும். அந்த மண் ஒரு சிட்டிகை புட்டிக்குள் விழுந்தால் போதும், சிலிக்கான் எண் எகிறி, இல்லாத நோயைக் காட்டும். ஆயில் ஓடத் தொடங்கியதும் முதலில் வருவதைப் பிடிக்கக் கூடாது, கடைசியில் சொட்டுவதையும் பிடிக்கக் கூடாது. நடுவில் ஓடும் ஆயிலைத்தான் பிடிக்க வேண்டும். புட்டி புதியதாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். வண்டி மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, நடுவில் எவ்வளவு ஊற்றி நிரப்பினோம், ஆயிலின் பெயரும் தரமும் என்ன என்று நான்கையும் எழுதி அனுப்ப வேண்டும். நிரப்பிய கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏழு லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் நடுவே ஒரு லிட்டர் புதிய ஆயில் ஊற்றினால் உலோக எண்கள் எல்லாம் அந்த அளவுக்கு நீர்த்துப்போகும். தேய்மானம் குறைந்ததுபோல் ஒரு பொய்த் தோற்றம் வரும்.

இன்னொன்றும் செய்தேன். ஊற்றப்போகும் புதிய ஆயிலிலிருந்தும் ஒரு மாதிரியை அனுப்பினேன். நுரை வராமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் புதிய ஆயிலிலேயே நான்கைந்து பி.பி.எம். சிலிக்கான் இருக்கலாம். கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியவை ஆயிலோடு வரும் சேர்மானங்கள்; அவை எஞ்சினிலிருந்து தேய்ந்து வந்தவை என்று யாரும் பதறக் கூடாது. புதிய ஆயிலின் எண்கள் கையில் இருந்தால் எது ஊற்றியது, எது எஞ்சின் விட்டது என்று பிரித்துப் பார்ப்பது எளிது.

தொழிற்சாலையிலிருந்து வந்த ஆயிலைச் சுமார் 1,500 கிலோமீட்டரிலேயே வடித்தேன். கையேடு அதைவிட நீண்ட இடைவெளி கொடுத்திருந்தது. இருந்தாலும் முதல் ஓட்டத்தில் உதிரும் உலோகத்தை எஞ்சினுக்குள் நெடுநாள் சுற்றவிட எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையில் இரும்பு 46, செம்பு 58, அலுமினியம் 11, சிலிக்கான் 74, பொட்டாசியம் 21 என்று இருந்தது. ஈயமும் குரோமியமும் தலா 2. மாலிப்டினமும் புதிய ஆயிலில் இருக்க வேண்டியதைவிடத் தூக்கலாக இருந்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் புதிய எஞ்சினில் நியாயமான காரணம் உண்டு. சிலிண்டர் சுவரில் தொழிற்சாலை வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடும் நுண்ணிய வரிகளின் முனைகள், பிஸ்டன் ரிங் உரசி உரசி மழுங்கும்போது இரும்பு உதிர்கிறது. எஞ்சின் பாகங்களை ஒட்டப் பயன்படுத்தும் சிலிக்கோன் பசையிலிருந்து சிலிக்கான் கசிகிறது. பாகங்களைப் பூட்டும்போது தடவும் மசகிலிருந்து மாலிப்டினம் வருகிறது. செம்பு 58 என்றதும் பேரிங் போய்விட்டது என்று அலறத் தேவையில்லை. ஆயில் கூலரில் உள்ள செம்பு, புதிய ஆயிலின் சேர்மானங்களோடு வேதிவினை புரிந்து சில காலம் கரைந்துகொண்டே இருக்கும். மேற்பரப்பில் ஒரு படலம் உருவானதும் நின்றுவிடும். பேரிங் தேய்ந்தால் செம்பு தனியாக வராது. பேரிங் எந்தக் கலவையால் ஆனதோ அதற்கேற்ப ஈயமோ வெள்ளீயமோ கூடவே வரும். என் அறிக்கையில் ஈயம் 2, வெள்ளீயம் 1. ஆகவே செம்பை அப்படியே விட்டுவிட்டேன்.

பொட்டாசியம்தான் சற்று நேரம் தூக்கத்தைக் கெடுத்தது. பொட்டாசியமும் சோடியமும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் உப்புகளாக இருப்பவை. அவை ஆயிலில் தெரிந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ கசிகிறது என்று பொருள் கொள்வது வழக்கம். ஆனால் டர்போ எஞ்சின்களில் வேறொரு வழியும் உண்டு. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளைப் பற்றவைக்கும்போது பொட்டாசியம் கலந்த ஒரு உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதன் மிச்சம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்து, காற்றோடு சிறிது சிறிதாக எஞ்சினுக்குள் போய், ஆயிலில் சேரும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? என் அறிக்கையில் சோடியம் உயரவில்லை, நீர் இல்லை, கூலன்ட்டில் கலந்திருக்கும் கிளைக்காலும் இல்லை. கூலன்ட் தொட்டியின் மட்டத்தை எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு கோடு போட்டுக் குறித்து வைத்தேன். அது இம்மியும் இறங்கவில்லை. அடுத்தடுத்த அறிக்கைகளில் பொட்டாசியம் தானாகவே தேய்ந்துபோனது. சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறி, கூலன்ட் மட்டமும் இறங்கியிருந்தால் வண்டியை அன்றே நிறுத்தியிருப்பேன்.

அடுத்த ஆயிலைச் சுமார் 5,000 கிலோமீட்டர் ஓடவிட்டு வடித்தேன். இரும்பு 71, செம்பு 22, சிலிக்கான் 41, அலுமினியம் 15, குரோமியம் 5.

சர்வீஸ் சென்டரில் இருந்தவர் நல்ல மனிதர்; பொறுமையாகவே பார்த்தார். "சிலிக்கான் பாதியாகக் குறைந்திருக்கிறது, செம்பு நன்றாக இறங்கிவிட்டது, இரும்பும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் முன்பைவிடக் குறைவுதானே சார். புது எஞ்சின் செட்டாகிக்கொண்டிருக்கிறது" என்றார். கணக்கு என்னவோ சரிதான். முதல் ஆயிலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு 31 வீதம் இருந்த இரும்பு, இரண்டாவதில் 14 ஆகியிருந்தது.

இந்த வகுத்தல் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். புதிய எஞ்சினில் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே பெருமளவு உலோகம் கொட்டிவிடும். அந்த மொத்தத்தையும் 1,500 கிலோமீட்டருக்குப் பரப்பி ஒரு வீதம் கண்டுபிடித்தால், அதோடு ஒப்பிடும் எந்த எண்ணும் முன்னேற்றமாகத்தான் தெரியும். முதல் அறிக்கையை அளவுகோலாக வைத்துக்கொண்டால் இரண்டாவது எப்போதும் தேர்ச்சி பெற்றுவிடும். ஆகவே எண் குறைந்ததா என்று மட்டும் பார்க்காமல், எந்த உலோகம் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தேன்.

அங்கேதான் இடித்தது. முதல் அறிக்கையில் சிலிக்கான் 74-க்கு அலுமினியம் 11, ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. சிலிக்கோன் பசையிலிருந்து வரும் சிலிக்கான் தனியாகவே வரும். அதோடு அலுமினியம் வர வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவது அறிக்கையில் சிலிக்கான் இறங்கியபோது அலுமினியம் இறங்கவில்லை, 15-க்கு ஏறியிருந்தது. விகிதம் மூன்றுக்கு ஒன்றை ஒட்டி வந்துவிட்டது. மண்ணும் தூசியும் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த கலவை. தூசி எஞ்சினுக்குள் போனால் சிலிக்கானும் அலுமினியமும் கைகோத்தே வரும். மண்ணுக்கு மண் விகிதம் மாறும், ஆனால் இரண்டும் சேர்ந்து வருவது மாறாது. அதற்கு மேல் குரோமியம் 2-லிருந்து 5. குரோமியம் பிஸ்டன் ரிங்கின் பூச்சிலிருந்து வருவது. தூசி, சிலிண்டர் சுவர் இரும்பு, ரிங் குரோமியம் மூன்றும் ஒன்றாக நிமிர்ந்தால் காற்று வரும் வழியில் எங்கோ ஓட்டை என்று சந்தேகப்பட வேண்டும்.

தூசிக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்றால், தூசியில் உள்ள குவார்ட்ஸ் (சிலிக்கா) துகள் எஞ்சினுக்குள் உள்ள பெரும்பாலான உலோகப் பரப்புகளைவிடக் கடினமானது. ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இருக்கும் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சில இடங்களில் அதற்கும் கீழே. அந்தப் படலத்தின் தடிமனை ஒத்த அளவுள்ள துகள்தான் மிகுந்த சேதம் செய்யும். பெரிய துகள் இடைவெளிக்குள் நுழையாது, மிகச் சிறியது படலத்தோடு மிதந்து போய்விடும். சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே மனிதக் கண்ணுக்குத் துகள் தெரியாது. நாம் பார்க்கவே முடியாத தூசிதான் உப்புத்தாள்போல எஞ்சினை அறுக்கிறது.

இருந்தாலும் ஒரே அறிக்கையை நம்பி எதையும் பிரிக்க எனக்கு விருப்பமில்லை. புதிய ஆயிலை ஊற்றி, அதன் பாதி ஆயுளில், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக் செருகும் குழாய் வழியே சிறு கைப்பம்பால் உறிஞ்சி ஒரு இடைக்கால மாதிரி எடுத்தேன். இந்த முறையில் குழாயின் முனை எண்ணெய்த் தொட்டியின் அடித்தட்டைத் தொடக் கூடாது. தொட்டால் அங்கே படிந்திருக்கும் சேறு வந்துவிடும். டிப் ஸ்டிக்கின் நீளத்துக்குக் குழாயை வெட்டினால் சரியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிய குழாய்.

சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடிய அந்த ஆயிலில் இரும்பு 38, சிலிக்கான் 24, அலுமினியம் 8. வகுத்துப் பார்த்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு இரும்பு 15. முந்தைய ஆயிலில் 14. சிலிக்கான் சுமார் 8-லிருந்து 9-ஐத் தாண்டியிருந்தது. இதற்கு மேல் புது எஞ்சின் என்ற சமாதானம் செல்லாது. பதப்படும் எஞ்சினின் வீதம் இறங்கிக்கொண்டே வந்து ஒரு மட்டத்தில் அமர வேண்டும். என் எஞ்சினின் வீதம் இறங்காமலேயே அமர்ந்துவிட்டது.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை: முன்பக்கக் கிளிப்புகள் இறுக்கமாகப் பூட்டியிருந்தன, மூடி நேராக அமர்ந்ததுபோலவே தெரிந்தது. கிளிப்புகளை விடுவித்து மூடியைத் தூக்கியபோது அது எளிதாக, மிக எளிதாகக் கையோடு வந்தது. அந்த மூடியின் பின்விளிம்பில் இரண்டு நாக்குகள் உண்டு. கீழ்ப்பெட்டியின் பள்ளங்களுக்குள் அவை முதலில் நுழைந்த பிறகுதான் முன்பக்கத்தை அழுத்திக் கிளிப் போட வேண்டும். ஒரு நாக்கு பள்ளத்தில் இருந்தது, மற்றொன்று பள்ளத்தின் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. யாரோ இதற்குமுன் திறந்து பார்த்துவிட்டு அவசரமாக மூடியிருக்க வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபில்டரைச் சுற்றியுள்ள மென்மையான சீல், மூடி அழுத்திய இடமெல்லாம் ஒரு பள்ளக் கோடாகப் பதிந்திருந்தது. அந்தக் கோடு பின்மூலையில், இரண்டு விரல் அகலத்துக்கு, இல்லவே இல்லை. அந்த இடத்திலிருந்து மூடியின் உட்புறத்தில் வெளிறிய காவி நிறத்தில் தூசி விசிறிபோல் விரிந்து டர்போவுக்குப் போகும் குழாயின் வாயை நோக்கி ஓடியிருந்தது. ஃபில்டரைக் கடந்த பக்கம் அது. ஒரு பொட்டுத் தூசிகூட இருக்கக் கூடாத இடம். வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக் குழாயின் உட்சுவரைத் துடைத்தேன். துணி பழுப்பாக வந்தது.

எதையும் சுத்தம் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன். சுத்தம் செய்துவிட்டால் சான்று போய்விடும். பிறகு அறிக்கையை மட்டும் நீட்டி வாதாட வேண்டியிருக்கும். படங்களையும் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனபோது பேச்சின் தொனியே வேறாக இருந்தது. தூசி உள்ளே போயிருப்பதை வண்டியின் பதிவில் எழுதிக் கொடுத்தார்கள். டர்போவின் காற்றுச் சக்கர இதழ்களைப் பார்த்து அரிப்பு இல்லை என்பதையும் எழுதினார்கள். புதிய ஃபில்டரும் ஆயிலும் மாற்றித் தந்தார்கள். வாயால் சொல்லும் உறுதியைவிடப் பதிவில் ஏறிய ஒரு வரி மதிப்பு மிக்கது. நாளை எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கினால் அந்த வரிதான் எனக்காகப் பேசும்.

மூடியைச் சரியாகப் பூட்டிய பிறகு குழாயின் உட்புறத்தில், ஃபில்டரைக் கடந்த பக்கத்தில், மெல்லிய படலமாகக் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டேன். தூசி இன்னும் கசிந்தால் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும்; விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறக்கும். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு பார்த்தபோது கிரீஸ் வழவழவென்று இருந்தது. செலவே இல்லாத சோதனை இது. கிரீஸ் அள்ளி அப்பாமல், மெல்லிசாகத் தடவுவதுதான் முக்கியம்.

அடுத்த ஆயில், மீண்டும் சுமார் 5,000 கிலோமீட்டர். இரும்பு 24, சிலிக்கான் 11, அலுமினியம் 4, குரோமியம் 1, செம்பு 9. ஆயிரம் கிலோமீட்டருக்கு இரும்பு 5-க்கும் கீழே. இரும்பு, சிலிக்கான், அலுமினியம், குரோமியம் நான்கும் ஒன்றாக விழுந்ததைப் பார்த்தபோதுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவை ஒன்றாக ஏறியதால் காரணம் ஒன்று என்று கணித்தேன்; ஒன்றாக இறங்கியது அதை உறுதிசெய்தது.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அடிக்கடி திறந்து, காற்றடித்துத் தட்டிச் சுத்தம் செய்வதைப் பலர் நல்ல பராமரிப்பு என்று நம்புகிறார்கள். காகித ஃபில்டர் சிறிது தூசி படிந்த பிறகுதான் இன்னும் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே நுண்ணிய வலையாகிவிடுகிறது. வேகமாகக் காற்றடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சீல் தவறாக அமரும் வாய்ப்பு வேறு. கையேட்டில் சொன்ன இடைவெளியில், கடும் தூசியில் ஓட்டினால் அதற்கு முன்பே, திறந்து, புதியதைப் போட்டு, பின்பக்க நாக்குகள் பள்ளத்தில் இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்து மூடிவிட வேண்டும். வேறு யாராவது திறந்திருந்தால் வண்டியை எடுத்துவரும் முன்பே நான் அதைப் பார்த்துவிடுகிறேன்.

ஆய்வகக் கருவியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிளாஸ்மா கருவி ஏறக்குறைய 5 முதல் 8 மைக்ரான் வரையுள்ள துகள்களைத்தான் ஒழுங்காகக் கணக்கிடும். அதைவிடப் பெரியவை முழுதாக ஆவியாகாமல் கடந்துவிடும். மெதுவான தேய்மானம் நுண்துகளாக உதிர்வதால் அதைக் கருவி பிடித்துவிடும். ஆனால் பேரிங் திடீரெனப் பெயர்ந்தோ பல்சக்கரம் செதிலாக உதிர்ந்தோ பெரிய துண்டுகள் விழுந்தால் அறிக்கை அமைதியாகவே இருக்கலாம். அந்தத் துண்டுகள் ஆயில் ஃபில்டரில்தான் சிக்கியிருக்கும். ஆகவே ஒவ்வொரு ஃபில்டரையும் வெட்டிப் பார்க்கிறேன்.

வெட்டுவதற்கு, தகட்டைச் சுற்றிச் சுழன்று அறுக்கும் கட்டர் வேண்டும். இரும்பறுக்கும் வாளால் அறுத்தால் அதன் தூளே உள்ளே கொட்டி எல்லாவற்றையும் குழப்பிவிடும். வெட்டியெடுத்த காகிதச் சுருளை ஆயில் நன்றாக வடியவிட்டு, மடிப்பு மடிப்பாக விரித்து, சூரிய வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். பிறகு ஒரு துண்டை மண்ணெண்ணெயில் அலசி, அலசிய திரவத்தை வெள்ளைத் தட்டில் ஊற்றி, தட்டின் அடியில் காந்தத்தை நகர்த்துகிறேன். காந்தத்தோடு ஊர்வது இரும்பு; நகராமல் மின்னுவது அலுமினியமாகவோ பேரிங் உலோகமாகவோ இருக்கலாம். முதல் ஃபில்டரில் ஊசிமுனை அளவு மினுக்கங்களும், பசையின் கறுத்த நூல் துணுக்குகளும் இருந்தன. புதிய எஞ்சினில் அது எதிர்பார்க்கத் தக்கதுதான். தூசிப் பிரச்சினை தீர்ந்த பிறகு வெட்டிய ஃபில்டரில் வெறும் கறுத்த ஆயில்தான். காந்தத்துக்கு மேலே மெல்லிய சாம்பல் நிழல் ஒன்று ஊர்ந்தது, அவ்வளவே.

தூசி விவகாரத்தின் பரபரப்பில் ஓரமாக இருந்த இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். நான் ஊற்றும் 5டபிள்யூ-30 ஆயில் புதியதாக இருக்கும்போது 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை சுமார் 12 சென்டிஸ்டோக். வடித்தபோது 10-ஐ ஒட்டியே இருந்தது, டீசல் கலப்பு இரண்டு சதவீதத்துக்கு மேல். எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த 30 தரத்துக்கு உரிய எல்லை 9.3 முதல் 12.5-க்குள். எல்லைக்குள்தான், ஆனால் கீழ்க்கோட்டுக்கு அருகில். காரணம் கரித்துகள் வடிகட்டியான டி.பி.எஃப். அது நிறைந்ததும் உள்ளே சேர்ந்த கரியை எரித்துவிட எஞ்சின் தாமதமாகக் கூடுதல் டீசலைத் தெளிக்கும். அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். எரிப்பு முடிவதற்குள் வண்டியை அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும், மேலும் டீசல் இறங்கும். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் இது கூடுதலாக நடக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் நல்லது என்று மகிழ வேண்டாம். ஆயில் தானாகப் பெருகாது.

இதற்கு நான் செய்வது இரண்டு. ஐட்லிங் வேகம் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து, வெப்ப வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று புரிந்துகொண்டு, முடியும்வரை ஓட்டிவிட்டு அணைக்கிறேன். கையேட்டின் அதிகபட்ச இடைவெளிவரை ஆயிலை இழுப்பதில்லை. பாகுத்தன்மை இப்போது 11-ஐ நெருங்கி வருகிறது.

அறிக்கையில் "பொதுச் சராசரி" என்றொரு பத்தி இருக்கும். அதே எஞ்சின் உள்ள மற்ற வண்டிகளின் சராசரி அது. பார்க்கலாம், ஆனால் அதற்கு அடிமையாகக் கூடாது. அந்தச் சராசரியில் பழைய எஞ்சின், புதிய எஞ்சின், சுமை இழுப்பது, சும்மா ஓடுவது எல்லாம் கலந்திருக்கும். என் வண்டியின் முந்தைய எண்தான் என் வண்டிக்கு நல்ல அளவுகோல். அந்த ஒப்பீடு செல்லுபடியாக ஒரே ஆய்வகம், ஒரே ஆயில், ஏறக்குறைய ஒரே இடைவெளி என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆயிலை மாற்றினால் அதன் சேர்மானங்கள் மாறும், சில காலம் செம்பும் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் எண்களைப் படிப்பது கடினம்.

இப்போது எண்கள் மட்டத்துக்கு வந்துவிட்டதால் ஒவ்வொரு ஆயிலையும் அனுப்புவதில்லை, ஒன்று விட்டு ஒன்று அனுப்புகிறேன். சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து நிமிர்ந்தால் நேராக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போவேன். செம்பு மட்டும் சற்று ஏறினால் அடுத்த அறிக்கைவரை பொறுப்பேன். செம்போடு ஈயமோ வெள்ளீயமோ கைகோத்து ஏறினால் பொறுக்க மாட்டேன். வண்டியை நிறுத்தி, ஃபில்டரை வெட்டிப் பார்த்து, சூடான எஞ்சினில் ஆயில் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளந்த பிறகே வண்டியை மீண்டும் சாலைக்கு எடுப்பேன்.